கரண்ட் இருக்கிற நாளில் கூடின கூட்டம்

கோபாலசாமி உட்கார்ந்து பார்த்தவர் சிங்காநல்லூரில் யாருமில்லை. பஸ்ஸில் சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவார். கல்யாணப் பந்தியில் இலை போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து, சாம்பார் வாளி எங்கே வருகிறது என்று எட்டிப் பார்த்துவிடுவார். வயது அறுபத்தைந்து ஆகிவிட்டது, கால் மட்டும் இன்னும் தரையில் நிலைக்கவில்லை. "உங்கப்பனுக்குக் காலுக்கடியில மோட்டாரை மாட்டி அனுப்பிச்சிருக்காங்க" என்று சம்சாரம் பங்காரம்மா மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். அந்தக் கால்தான் அவரை ஆளாக்கியது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் ஒரு மில் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போனவர் அவர். பெருக்கிக்கொண்டே இரும்பு கடைகிற லேத் ஓடுவதைப் பார்த்தார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஒருத்தர் சிபாரிசு இல்லை, ஒருத்தர் கைதூக்கி விடவில்லை. முப்பது வயதில் பழைய லேத் ஒன்றைச் சொந்தமாக்கி, பழைய கிணத்து வீதியில் பத்துக்குப் பன்னிரண்டு தகர ஷெட்டில் நிறுத்தினார். போர் கிணத்து மோட்டாருக்கு சாஃப்ட், அதாவது நடுத்தண்டு, கடைகிற வேலை. அளவுமானி வைக்காமல் விரலால் தடவியே "மயிரிழை கூட இருக்குதுங்க" என்று சொல்கிற ஆள் கோயமுத்தூரில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அவரே பதில் சொல்லுவார்: "ரெண்டே பேருங்க. இன்னொருத்தர் செத்துப்போயிட்டார்."

பீளமேட்டுக் கம்பெனியிலிருந்து பட்டம் வாங்கின பையன்கள் கம்ப்யூட்டரில் போட்ட படத்தோடு வருவார்கள். கோபாலசாமி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஓடாது கண்ணு, ரெண்டாவது நாளே முறியும்" என்பார். முறியும். அப்புறம் அதே படத்தை எடுத்துக்கொண்டு அவர்களே திரும்பி வருவார்கள். இப்படி எத்தனையோ.

அப்பேர்ப்பட்ட ஆளுடைய ஷட்டரில் போன மாதம் மாநகராட்சி ஆட்கள் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி இரண்டு வரி படித்தார். மீதியை போனில் படம் பிடித்து, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் மௌனிகாவுக்கு அனுப்பினார். அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க வீதியை முழுக்கக் குடியிருப்பு வீதின்னு அறிவிக்கப் போறாங்களாம். அப்படி ஆச்சுன்னா பட்டறை எதுவும் ஓடக்கூடாது. சீல் வெச்சிருவாங்க."

"ஆரு சொன்னா?"

"பக்கத்து அபார்ட்மெண்ட்காரங்க சத்தம்னு மனு குடுத்திருக்காங்க. இருபதாம் தேதி வியாழக்கிழமை மண்டல ஆபீஸ்ல கேப்பாங்களாம். பட்டறைக்காரங்கள்ல பாதிப் பேராச்சும் நேர்ல வந்து வேண்டாம்னு சொல்லோணும். இல்லாட்டி யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்குவாங்களாம்."

வீதியில் பட்டறை முப்பத்தெட்டு. பாதி என்றால் பத்தொன்பது. கோபாலசாமி போனை வைத்துவிட்டு வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தார். முப்பத்தெட்டு ஷட்டரிலும் அதே காகிதம். அந்த ஐந்து மாடிக் கட்டடம் வந்து மூன்று வருசம்தான் ஆகிறது, அவருடைய லேத் வந்து முப்பத்தைந்து வருசம். அந்த ஷெட்டை மூடினால் வேறு எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அதைவிட, காலையில் எழுந்து அவர் எங்கே போவது?

முதலில் இரண்டு கட்சி வார்டு ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாங்க பாத்துக்கறோமுங்க" என்று போனவர்கள்தான். அதோடு சரி. கோபாலசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "நாமளே பாத்துக்கலாம். நமக்குத்தான் கூட்டம் இருக்குதே!"

கூட்டம் இருந்தது உண்மை. மாதம் ஒருநாள் மின்வாரியக்காரர்கள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு வீதியில் லேத், டிரில், கிரைண்டிங் எல்லாம் செத்துக் கிடக்கும். ஆட்களுக்கு வீட்டிலும் இருப்புக்கொள்ளாது. உமர் பாரூக்கின் பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம், அதன் அடியில் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு பேசுவார்கள். அப்படிப் பேசிப் பேசியே இரண்டு வருசத்தில் சாக்கடைக்கு மூடி போட வைத்தார்கள், மூன்று தெருவிளக்கு வாங்கினார்கள். மரத்தடிக்குக் கட்சிக் கரை வேட்டி கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று சட்டம் போட்டவர் கோபாலசாமிதான். அந்தக் கூட்டத்தை ஆரம்பித்ததே தான்தான் என்று அவர் சொல்லாத நாளில்லை.

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை ஷட்டவுன் என்று பேப்பரில் வந்தது. வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். சொல்லிவைத்த மாதிரி அமைந்துவிட்டது.

"பாரூக் பாய், செவ்வாக்கெழமை சேர் பத்துப் போதாது. முப்பது சொல்லி வைங்க. முப்பத்தெட்டுப் பேரும் வந்து நிப்பாங்க. அன்னைக்கு ஆரு ஆபீஸ்ல என்ன பேசறதுன்னு முடிவு பண்ணிப்போட்டு, வியாழக்கெழமை பொறப்பாடு."

"எல்லாத்துக்கும் சொல்லியாச்சுங்களாண்ணா?"

"சொல்றதென்ன? கரண்ட் நின்னா வந்துதானே ஆகோணும்."

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டார். முப்பது பிளாஸ்டிக் சேரையும் தானே வரிசையாகப் போட்டார். வளைந்திருக்கிறது என்று கலைத்து மறுபடி போட்டார். ஒன்பதானது. பேக்கரிக்குள் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பது பத்து. பிரிட்ஜ் உறுமுவது நிற்கவில்லை.

பாரூக் போனை நீட்டினார். "ஷட்டவுன் கேன்சலாமுங்ணா. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு."

வீதிக் கோடியில் ஒரு லேத் எழுந்தது. அடுத்து ஒரு கிரைண்டிங். அப்புறம் மூன்று, நான்கு, பத்து. கிர்ரென்று வீதியே ஓட ஆரம்பித்துவிட்டது. கோபாலசாமி சேர்களுக்கு நடுவில் நின்றார். இடது கால் தாளம் போட்டது. அவருடைய ஷெட்டில் இருபத்து நாலு சாஃப்ட் கிடந்தது, சாயங்காலம் கம்பெனி வண்டி வரும். ஆள் வந்து சேருகிற வரைக்கும் சும்மா நிற்பதற்கு இரண்டே இரண்டு கடைந்துபோட்டு வந்தால் என்ன? வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

கையில் இரும்பு வந்துவிட்டால் அவருக்கு நேரம் தெரியாது. ஏழாவது சாஃப்ட்டை இறக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தெய்வாத்தாள் நின்றாள். வீதிக் கடைசியில் நாலு பெண்களை வைத்துக்கொண்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

கோபாலசாமி லேத்தை நிறுத்தினார். "ஏன் அம்மணி? ஆளு வந்தாச்சா?"

"வந்துருக்குதுங்ணா. அஞ்சு பேரு. நானும் எங்கூட்டுப் பொம்பளைங்க நாலு பேரும். முப்பது சேர்ல ஆளுக்கு ஆறு ஆறா உக்காந்திருக்கறோம்."

"இல்ல அம்மணி, கரண்ட்டு... திடீர்னு கேன்சல் பண்ணிப்போட்டான். ஷட்டவுன்னு நெனச்சு..."

"எங்குளுக்கு ஷட்டவுன் ஏதுங்ணா? நாங்க கம்பியக் கையிலதானே சுத்தறோம். கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் எங்குளுக்கு வேல நாளுதான். ரெண்டு வருசமா ஒவ்வொரு கூட்டத்துக்கும் கைவேலையப் போட்டுப்போட்டுத்தான் வந்தோம். நீங்கெல்லாம் வேல இல்லாம வந்தீங்க."

கோபாலசாமி நிமிர்ந்தார். "கூட்டத்தக் கூட்டுனதே நானு அம்மணி. தெரியுமல்ல?"

"நீங்க எங்கீங் கூட்டுனீங்க?" தெய்வாத்தாள் குரலை உயர்த்தவில்லை. அந்த ஊர் மரியாதையோடேதான் கேட்டாள். "நீங்க ஒருத்தரையும் ஒருநாளும் கூப்புட்டதில்லீங்ளே. ஈபிக்காரன் கூப்புட்டான், எல்லாரும் வந்தாங்க. இன்னைக்கு அவன் கூப்புடல. நீங்களே வரலியே!"

சொல்லிவிட்டு, கீழே கிடந்த ஏழு சாஃப்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. பேசினாலும் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போயிருப்பார்கள். இன்றைக்கு அவர் லேத் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டாவது சாஃப்ட்டை மாட்டினார். விரலால் தடவினார். அளவு தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தடவினார். தெரியவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் பங்காரம்மா மூன்று தடவை ரசம் ஊற்றியும் அவர் கவனிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே எழுந்து, கை கழுவி, மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள சொன்னதுல என்ன தப்பு?" என்றாள் பங்காரம்மா. "மௌனிகா கல்யாணத்துக்கு எந்தம்பியப் போன்ல கூப்புட்டீங்க. வந்தானா? இப்ப வீதியவே கரண்ட்ட உட்டுக் கூப்புட்டீங்க. வந்துச்சா?"

அது பழைய புண். பங்காரம்மாவின் தம்பி சீனிவாசலுவுக்கு அதே வீதியில்தான் பட்டறை. ஆறு கம்ப்யூட்டர் மிஷின், வாசலில் பெரிய ஜெனரேட்டர், ஒரு கட்சியில் பதவி, எப்போதும் கரை வேட்டி. தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. புருசனும் பொண்டாட்டியுமாகத் தாம்பாளத்தோடு போய் வைக்க வேண்டும். அன்றைக்கு கோபாலசாமி அவசரமாக ஒரு ஆர்டரில் இருந்தார். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, "நம்ம ஆளுதானே, வந்துருவான்" என்றார். சீனிவாசலு வரவில்லை. நாலு வருசமாகப் பேச்சில்லை.

கோபாலசாமி எழுந்தார். கூடத்துக்கும் வாசலுக்குமாகப் பதினைந்து தடவை நடந்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"பொறப்படு."

"எங்கீங்?"

"முப்பத்தேழு பட்டறைக்கு."

அன்று சாயங்காலமும் புதன்கிழமை முழுக்கவும் அந்த வீதி காணாத காட்சியைக் கண்டது. வெள்ளை வேட்டி கட்டிய கோபாலசாமியும், ஆர்.எஸ்.புரத்தில் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையில் பங்காரம்மாவும், தாம்பாளத்தில் வெத்தலை பாக்கு பழத்தோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார்கள். முதலில் போனது தெய்வாத்தாளிடம். அவள் காயில் கம்பியைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்து, இரண்டு கையாலும் வெத்தலையை எடுத்துக்கொண்டாள். "நானும் கூட வாரேனுங்க" என்று எழுந்து அவளும் சேர்ந்துகொண்டாள்.

டிரில்லிங் போடுகிறவன் சிரித்தான். "கல்யாணம் யாருக்குங்ணா? மௌனிகாவுக்குத்தான் ஆயிப்போச்சே."

"நம்ம வீதிக்குக் கருமாதி நடக்காம இருக்கறதுக்குக் கண்ணு. வியாழக்கெழமை பத்தரைக்கு மண்டல ஆபீஸ். கரண்ட் இருக்கும். இருந்தாலும் வரோணும்."

சென்னிமலை பட்டறையில்தான் கொஞ்சம் சிக்கல். சென்னிமலையும் லேத்காரன். அவன் கடைகிற சாஃப்ட் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது என்று கோபாலசாமி பேக்கரியில் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அவன் மறக்கவில்லை.

"ஏனுங்க, முருங்கக்காய் கடையறவனெல்லாம் எதுக்குங்க ஆபீசுக்கு?"

கோபாலசாமி வாயைத் திறந்தார். பங்காரம்மா முழங்கையால் இடித்தாள்.

"சொன்னேன். இன்னும் அப்படித்தான் இருக்குது" என்றார் கோபாலசாமி. "ஆனா முருங்கக்காயோ வெண்டக்காயோ, நம்ம வீதியில கடையோணும். வெத்தல எடுத்துக்க சாமி."

சென்னிமலை அவரை ஏற இறங்கப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் வெத்தலையை எடுத்துக்கொண்டான்.

உமர் பாரூக் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "எனக்குப் பட்டறை இல்லீங்ளேண்ணா" என்றார். "பட்டற இல்லாட்டி உங்க டீயை ஆரு பாய் குடிக்கறது?" என்றாள் தெய்வாத்தாள்.

கடைசியில் சீனிவாசலுவின் பட்டறை. ஜெனரேட்டர் பக்கத்தில் வந்ததும் கோபாலசாமியின் கால் நின்றுவிட்டது. அது நிற்பதை பங்காரம்மா முப்பத்தெட்டு வருசத்தில் முதல்தடவையாகப் பார்த்தாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து சீனிவாசலு பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து வரவில்லை. இவர்கள் உள்ளே போனார்கள்.

"வாக்கா" என்றான். அக்காவை மட்டும்.

கோபாலசாமி தாம்பாளத்தை நீட்டினார். நாலு வருசத்துக்கு முன்னால் நீட்டியிருக்க வேண்டிய அதே தாம்பாளம். "நாளைக்குப் பத்தரைக்கு மண்டல ஆபீஸ். நீயும் உன்ர சம்சாரமும் வரோணும்."

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க. மேல சொல்லி வெச்சிருக்கறேன்." அவன் பாவா என்று கூப்பிடவில்லை. அக்கா புருசனை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவன் வெளியாளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "சீல் வெச்சாலும் ஊருக்கு வெளிய எடம் பாத்து வெச்சாச்சு. உங்குளுக்கென்ன, நீங்க ஆரையும் நம்பி வளந்த ஆளில்லையே. எத்தன வாட்டி சொல்லியிருக்கீங்க!"

"ஆமா. சொன்னேன்." கோபாலசாமி தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "நானா வளந்தேன். ஆனா நாளைக்கு நான் ஒருத்தன் போயி நின்னா ஒண்ணுன்னுதான் எழுதுவாங்க. பத்தொம்பது வேணும் சீனு."

சீனிவாசலு வெத்தலையைப் பார்த்தான். எடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. பங்காரம்மா அவன் மேசையில் இருந்த பேப்பர் கட்டின் மேலே இரண்டு வெத்தலையும் ஒரு பாக்கும் எடுத்து வைத்துவிட்டு, "வாரோம்" என்று திரும்பினாள்.

வியாழக்கிழமை கோபாலசாமி ஒன்பது மணிக்கே மண்டல ஆபீஸ் வாசலில் நின்றார். நின்றார் என்பது பேச்சுக்குத்தான். கேட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். வீதியில் கரண்ட் இருந்தது, காலையிலேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பட்டறைக்காரன் கரண்ட் இருக்கிற நாளில் மிஷினை நிறுத்துவது என்றால், சாப்பிட உட்கார்ந்தவன் இலையை விட்டு எழுந்திருக்கிற மாதிரி.

பத்து மணிக்குத் தெய்வாத்தாளும் நாலு பெண்களும் வந்தார்கள். காயில் பட்டறை ஒன்று. பத்தே காலுக்கு டிரில்லிங்காரன். பத்து இருபதுக்குச் சென்னிமலை, கூடவே பக்கத்துப் பட்டறைக்காரர் மூன்று பேர். உமர் பாரூக் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு ஒரு டப்பா பன்னோடு வந்தார். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. கோபாலசாமி பட்டறைகளை எண்ணினார். பதினாறு. கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எண்ணினார். பத்தரைக்கு இருபத்தொன்று.

ஹாலுக்குள் போனார்கள், பின்னாலேயே இன்னும் ஆள் வந்துகொண்டிருந்தது. சேர் பத்துதான் போட்டிருந்தது. அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொருவராகப் பேர், பட்டறை, எத்தனை வருசம், எத்தனை பேர் வேலை என்று எழுதினார். இருபத்தேழாவது பேர் எழுதும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தன் உள்ளே வந்தான். பேண்ட் சட்டை போட்டிருந்தான். கோபாலசாமிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கரை வேட்டி இல்லாத சீனிவாசலு. பின்னால் அவன் சம்சாரம்.

"வெத்தல வெச்சுப்போட்டாங்க, வராம இருக்க முடியுங்களா" என்று அதிகாரியம்மாவுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான். அப்புறம், "தள்ளி உக்காருங்க பாவா."

கோபாலசாமி தள்ளி உட்கார்ந்தார். உட்கார்ந்தே விட்டார்.

கடைசியில் முப்பத்தொரு பட்டறை பதிவாயிற்று. அபார்ட்மெண்ட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களும் பொல்லாதவர்கள் இல்லை. "பகல்ல ஓடட்டுங்க, ராத்திரி ஏழுக்கு மேல வேண்டாம்னுதான் கேட்டோம்" என்றார்கள். அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். ஆறு மாசம் பழைய மாதிரியே ஓடட்டும், காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஏழு வரை மட்டும், அதற்கப்புறம் மறுபடி கேட்டு முடிவு என்றார்.

"சங்கத்தோட பேர் என்னங்க?"

யாருக்கும் தெரியவில்லை. பேர் வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

"பழைய கிணத்து வீதிக் கூட்டம்னு எழுதிக்குங்க மேடம்" என்றாள் தெய்வாத்தாள்.

"தலைவர்?"

எல்லோரும் கோபாலசாமியைப் பார்த்தார்கள். அவரும் வேறு எங்கே பார்ப்பார்? எழுந்து நின்றார். "நானுங்க. கோபாலசாமி." சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டார். "செயலாளர் தெய்வாத்தாளுங்க. ஆளக் கூப்புடறது எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க அவங்கதான். அதையும் எழுதிக்குங்க."

அதை எழுத இடமில்லை என்று அதிகாரியம்மா சிரித்தார்.

வீதிக்குத் திரும்பும்போது ஆளாளுக்குச் சந்தோசமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கோபாலசாமிக்கு மட்டும் ஆறு மாசம் ஆறு மாசம் என்று காதுக்குள் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாசத்துக்குள் வார்டு எலெக்சன் வரும் என்கிறார்கள். அப்போது ஓட்டுக் கேட்க வருகிற அத்தனை கட்சிக்காரனையும் புங்கமரத்தடிக்குக் கூப்பிட்டு, இந்த வீதிக்கு என்ன செய்வாய் என்று நிறுத்திக் கேட்க வேண்டும். அதற்கு முப்பத்தொன்று போதாது. வராத ஏழு பட்டறை எது எதென்று தெரியும். அவர்கள் வாசலுக்கு மறுபடி போக வேண்டும்.

பேக்கரியில் எல்லோரும் டீக்கு நின்றார்கள். பாரூக் அவருக்கு சேரை இழுத்துப் போட்டார். கோபாலசாமி உட்காரவில்லை. நேரே தன் ஷெட்டுக்குப் போனார். சாஃப்ட் பதினேழு மீதி கிடந்தது, கம்பெனிக்காரன் செவ்வாய்க்கிழமையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறான். சுவிட்ச் மேல் கையை வைத்தார். எடுத்தார். மூலையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, அந்தக் காகிதம் ஒட்டியிருந்த ஷட்டரை இறக்கி, தன் ஆறாம் வகுப்புக் கையெழுத்தில், கோணல்மாணலாக, பெரிசு பெரிசாக எழுதினார்:

அடுத்த புதன். பதினொரு மணி. மரத்தடி. கரண்ட் இருந்தாலும்.

எழுதி முடித்ததும், அந்த ஏழு வாசலுக்கு வேண்டிய தாம்பாளத்தைப் பங்காரம்மா அலமாரியில் வைத்துவிட்டாளா என்று பார்க்க வீட்டுக்கு ஓடினார்.